முடிச்சில்லாத சாக்ஸ்

புதுக் கால் வந்த இரண்டாம் வாரமே வீரபாண்டிக்குப் புண் வந்துவிட்டது. மாசியில் திருச்சுழி ரோட்டில் டிராக்டர் மோதி, அவனுடைய இடது கால் முட்டிக்குக் கீழே ஒரு சாண் விட்டு மீதி போயிருந்தது. அந்த ஒரு சாணில் சாக்ஸை மாட்டி, அதன்மேல் செயற்கைக் காலை மாட்டித்தான் நடக்க வேண்டும்.

மதுரையில் கால் செய்துகொடுத்த லாரன்ஸ் புண்ணைப் பார்த்தார். பிறகு சாக்ஸை உள்பக்கமாகத் திருப்பி, நுனியில் கயிறுபோல ஓடிய தையலைத் தடவிக் காட்டினார்.

“இதுதாண்ணே கடிக்குது. வேர்வையில நடக்க நடக்க அரம் மாதிரி அறுக்கும். முதல்ல புண்ணு ஆறட்டும். தையலே இல்லாத சாக்ஸு ஆர்டர் போடுறேன். வர ரெண்டு மூணு மாசம் ஆகும்.”

“அதுக்குள்ள ஆயுத பூசை போயிருமே,” என்றான் வீரபாண்டி.

லாரன்ஸுக்குப் புரியவில்லை. அருப்புக்கோட்டைக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது புரியும். அவர்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜையன்று அவனவன் வண்டிக்கு அவனவனே எலுமிச்சம்பழம் வைத்து, அவனவனே ஏற்றி நசுக்க வேண்டும். நசுக்கியவனுக்கு அந்த வருசம் வரிசையில் முறை உண்டு. மகனை, மச்சானை அனுப்பினால் செல்லாது. வராதவனின் முறை வெளியே காத்திருக்கும் ஒருவனுக்குப் போய்விடும். அதைத் திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பு.

ஆட்டோ ஓட்டுவதில் அவனுக்குக் கவலை இல்லை. கிளட்சும் கியரும் கையில், பிரேக் வலது காலில். நிற்பதும் நடப்பதும்தான் பாடு.

ஸ்டாண்டில் அவனுக்கு அடுத்த முறைக்காரன் அருஞ்சுனை. வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னான். “கட்டைய ஊனிக்கிட்டு வா மாப்ளே. எவன் கேக்கப் போறான்?”

“நீங்க கேக்க மாட்டீக. கக்கத்துல கட்டையோட வாரவன் வண்டியில டிக்கெட்டு ஏறுமாலே?”

அருஞ்சுனை காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

லாரன்ஸ் பேச்சுவாக்கில் சொன்ன இன்னொன்று வீரபாண்டியின் மண்டையில் நின்றுவிட்டது. கையால் வட்டமாகப் பின்னினால் தையலே வராதாம். அதற்கென்று ஊசி இருக்கிறதாம். மனைவி தங்கலட்சுமி போனில் தேடி ஆர்டர் போட்டாள். வந்த பொட்டலத்தில் இரண்டு குட்டை மூங்கில் ஊசிகள் இருந்தன. இரண்டின் பின்முனைகளையும் நீளமான ஒரு பிளாஸ்டிக் ஒயர் இணைத்திருந்தது.

“என்னங்க இது, ஸ்கிப்பிங் கயிறாட்டம் இருக்கு?” என்றாள். “குடுங்க, நான் பழகிப் பின்னித் தாரேன்.”

“உனக்கு மில்லு வேலை இருக்கு. எனக்கு என்ன இருக்கு? காலும் என்னது.”

ஆட்டோ வாங்குவதற்கு முன்னால் அவன் பத்து வருசம் பவர்லூம் ஓட்டியவன். நூல் அவனுக்குப் புதிதல்ல. பழைய முதலாளி மாதவனிடம் கேட்டு, தறியில் ஓடி மிஞ்சிய பருத்தி நூல் கோன்களைக் கொண்டுவந்தான். நாலு இழையைச் சேர்த்துப் பிடித்தால் வேண்டிய கனம் கிடைத்தது. போன் வீடியோவில் ஒரு பெண் ஏதோ பாஷையில் பேசிக்கொண்டே பின்னினாள். அவன் சத்தத்தை அணைத்துவிட்டு அவள் விரல்களை மட்டும் பார்த்தான்.

முதலில் நூலைச் சின்னச் சின்ன வளையங்களாக, கண்ணிகளாக, ஊசியில் ஏற்ற வேண்டும். பாதியை ஒரு ஊசிக்கும் பாதியை மறு ஊசிக்கும் பிரித்து, நடுவில் மிஞ்சும் ஒயரை ஆட்டுக் காதுபோல வெளியே இழுத்துவிட வேண்டும். பிறகு இரண்டு முனைகளையும் சேர்த்து வட்டத்தை மூடிப் பின்ன வேண்டும். பார்க்க அவ்வளவுதான். அவன் மூடியபோது கண்ணிகள் ஒயரில் ஒரு முறை புரண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. நாலு விரல் உயரம் பின்னிய பிறகு தங்கலட்சுமி உள்ளே கையை விட்டாள். கை நேராகப் போகவில்லை.

“சாக்ஸா, முறுக்கா?” என்றாள்.

பிரித்தான். அடுத்தது நேராக வந்தது. ஆனால் தறிக்காரனின் கைக்கு நூலை விறைப்பாகப் பிடிக்கத்தான் தெரியும். தறியில் இழை தொய்ந்தால் அறுந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இழுத்த இழுப்பில் கண்ணிகள் ஒயரை இறுக்கிக்கொண்டு, ஊசிக்கு ஏறவே மறுத்தன. அதையும் பிரித்தான். நூலைச் சுண்டுவிரலில் சுற்றாமல் சும்மா விரல்மேல் போட்டுப் பின்னிப் பார்த்தான். கை கூசியது, ஏதோ தப்புச் செய்வதுபோல. கண்ணிகள் நகர்ந்தன.

அருஞ்சுனை மறுபடி வந்தபோது அவன் வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தான்.

“ஏலே, வீட்டுல விசேசமா? சொல்லவே இல்லியே. பிள்ளைக்குத் தொப்பியா?”

“உன் மண்டைக்குத்தான். அளவெடுக்கணும், குனி.”

புண் ஆறி, லாரன்ஸும் பார்த்துச் சரி என்ற பிறகு, பின்னி முடித்த சாக்ஸை மாட்டிக்கொண்டு தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்தான். போகும்போது ராஜநடை. திரும்பும்போது உள்ளே நெருப்புப் பட்டதுபோல எரிந்தது. கழற்றினால் தோலில் எறும்பு கடித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள்.

தங்கலட்சுமி சாக்ஸை வாங்கி உள்பக்கத்தைத் தடவினாள். “ஏங்க, இது என்ன குருணை குருணையா?”

முடிச்சுகள். மிச்சக் கோன்களில் நூல் எப்போது தீரும், எப்போது அறும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் அவன் விரல்கள் அவனைக் கேட்காமலே தறி முடிச்சுப் போட்டிருந்தன. போட்ட முடிச்சைத் துணியின் பின்பக்கம் தள்ளியும் விட்டிருந்தன. தறியில் அதுதான் பாடம். துணிக்கு முகம் சுத்தமாக இருக்க வேண்டும். இந்தச் சாக்ஸுக்கும் முகம் பளிச்சென்றுதான் இருந்தது. சாக்ஸைத் திருப்பிப் போட்டும் பார்த்தான். செயற்கைக் காலின் சுவர் முடிச்சுகளை அப்படியே உள்ளே அழுத்தியது.

பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லை. அன்று சாயங்காலம் அருஞ்சுனை வந்து நின்றுகொண்டே பேசினான்.

“மாப்ளே, ஸ்டாண்டுல எல்லாருகிட்டயும் பேசிட்டேன். உன் வண்டிய நானே பழத்துல ஏத்துறேன். எவனும் வாயத் திறக்க மாட்டான்.”

தங்கலட்சுமி கணவனைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட மாட்டாரா என்றுதான் அவளுக்கு இருந்தது.

“இந்த வருசம் எனக்காக நீ ஏத்துவ,” என்றான் வீரபாண்டி. “அடுத்த வருசமும் பாவம்னு ஏத்துவ. அப்புறம் அது என் முறை இல்லப்பா, நீங்க போடுற பிச்சை. வேண்டாம். நானே வாரேன்.”

“வர முடியலேன்னா?”

“முறை போகுது.”

அருஞ்சுனை போனதும் வீரபாண்டி சாக்ஸை நுனியிலிருந்து பிரிக்கத் தொடங்கினான். மறுநாள் தங்கலட்சுமி மாதவனிடம் போய், பிரிக்காத முழுக் கோன்கள் நாலு வாங்கிவந்தாள். இந்தத் தடவை அவன் கண்ணிகள் புரளாமல் ஒயர் நெடுகத் தடவிப் பார்த்துவிட்டு வட்டத்தை மூடினான். முழுக் கோனிலும் ஓர் இழை பாதியில் அறுந்தது. விரல்கள் முடிச்சுக்கு ஓடின. கையை உதறிவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து, அறுந்த நுனிகளைப் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, இரண்டையும் சேர்த்தே சில கண்ணிகள் பின்னினான். தடவினால் கொஞ்சம் தடிப்புத்தான், உறுத்தல் இல்லை. நுனியில் கண்ணிகளைக் குறைத்துக் குறைத்து மூடி, கடைசி நூலை வெளிப்பக்கமாக இழுத்துச் சொருகினான்.

பூஜையன்று அவன் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கியபோது எல்லாரும் அவன் வேட்டிக்குக் கீழேதான் பார்த்தார்கள். முன்சக்கரத்துக்குப் பழம் வைப்பது எளிதாக இருந்தது. பின்சக்கரங்களுக்குக் குனிய முடியாமல் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்து வைத்தான். அருஞ்சுனை ஓர் எட்டு முன்னால் வந்தவன், என்ன நினைத்தானோ, நின்றுவிட்டான். வண்டி மூன்று பழங்கள் மேலும் ஏறி இறங்கியது.

“மாப்ளே, எனக்கு முன்னால நீதான். டிக்கெட்டு ஏத்து,” என்றான் அருஞ்சுனை.

எம்.ரெட்டியபட்டியில் ஆள்களை இறக்கிவிட்டு, வேப்ப மரத்தடியில் வண்டியைப் போட்டுக் காலைக் கழற்றினான். சாக்ஸ் வேர்வையில் பிழிகிற மாதிரி இருந்தது. தோல் முழுக்கத் தடவினான். புள்ளி இல்லை, எரிச்சல் இல்லை. ஓரிடத்தில் மட்டும் லேசான சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மங்கியது. ஈரத்தோடு திரும்ப மாட்டக் கூடாது என்று லாரன்ஸ் சொல்லியிருந்தார். மாற்றுச் சாக்ஸ் என்று ஒன்று வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. இருந்ததை ஹேண்டில்பாரில் காயப்போட்டான். சீட்டுக்கு அடியிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்துக் கண்ணி ஏற்றத் தொடங்கினான்.

பை நிறையக் கத்திரிக்காயோடு ஓர் அம்மா வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் சாத்தியிருந்த காலைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள்.

“வண்டி டவுனுக்குத்தானே? எப்பப்பா எடுப்ப?”

“இது காயணும்த்தா. அதுக்குள்ள இன்னொரு சுத்து பின்னிர்றேன்.”

“பின்னு, பின்னு,” என்றாள் அவள். பையை மடியிலிருந்து இறக்கிக் கால்மாட்டில் வைத்துக்கொண்டாள்.