தோளில் இருந்த கை

இவள் அவனுடைய அம்மா. யாரும் சொல்ல வேண்டியதில்லை. உட்காருவதற்குள் நாலைந்து முறை கண்ணைச் சிமிட்டிவிட்டாள், அவனுடைய அதே படபடப்பு. அழாதே. எழுந்து நிற்காதே. வருகிற எல்லாரையும் பார்ப்பது போல இவளையும் பார். இவளுக்கு உன்னைத் தெரியாது. உனக்கும் இவளைத் தெரியாது.

இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டு அவள் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா, என்ன சைஸ் வேணும்?" என்றார் சித்தப்பா.

"பெருசா போடணும். ஃபிரேமோட."

இறந்தவர் படத்துக்கு வந்திருக்கிறாள் என்று புரிய அந்தப் போட்டோ ஸ்டுடியோவில் இது போதும். சித்தப்பா மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். துக்கம் விசாரிக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"யாருங்க?"

"பையன்."

"அடடா. என்ன வயசு?"

"இருபத்தொண்ணு. மழையில வண்டி சறுக்கிடுச்சு. லிஃப்ட் ரிப்பேர் பண்ற வேலை. இந்தக் கட்டடத்துக்குக்கூட வந்திருக்கானாம்."

சித்தப்பா நெற்றியைத் தேய்த்தார். "அந்தத் தம்பியா! அட, தங்கமான புள்ளையாச்சே. ஆளை மாத்திட்டாங்கன்னுல்ல நினைச்சேன்." பிறகு கணினி முன் இருந்த அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு ஞாபகம் இருக்கா, அந்த லிஃப்ட்டுப் பையன்?"

"ம்."

அப்பாவின் தம்பி அவர். பள்ளி முடித்தவளை, வீட்டில் சும்மா இருக்க வேண்டாமென்று அப்பாதான் இங்கே கொண்டுவந்து விட்டார். நாலாவது மாடியில் இரண்டு அறைகள்: ஒன்றில் விளக்குகளும் நீலத் திரையும், மற்றதில் அவளும் கணினியும். இங்கே யார் வந்தார்கள், அவள் யாரிடம் சிரித்தாள் என்பதெல்லாம் அன்றைய இரவுச் சாப்பாட்டுக்குள் அப்பாவின் காதுக்குப் போய்விடும். சித்தப்பா கெட்டவர் இல்லை. அவர் வாயில் எதுவும் தங்காது, அவ்வளவுதான்.

அவன் முதலில் வந்தது பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு. எத்தனை தடவை எடுத்தாலும் எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருந்தான். விளக்கு மின்னுவதற்கு ஒரு நொடி முன்பே அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும். "விடுங்க, கண்ணை நாங்க திறந்துக்கறோம்," என்று சித்தப்பா அனுப்பிவிட்டார். வேறொரு படத்திலிருந்து அதே ஆளின் திறந்த கண்ணை எடுத்துப் பொருத்துவது அவளுடைய தினசரி வேலை. ஆனால் இவனுடைய எந்தப் படத்திலும் திறந்த கண்ணே இல்லை. அன்று கூட்டம் வேறு. முந்தின நாள் வந்த ஒருவருடைய கண்களை எடுத்து அவன் முகத்தில் வைத்துவிட்டாள். நிறம் பொருந்தியது. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

மறுநாள் வந்தவன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏங்க, இது யாரு கண்ணு?"

அவளுக்குக் காது சூடானது. "உங்களுதுதான்."

"நான் தினமும் கண்ணாடி பாக்கறேங்க."

"முந்தாநேத்து ஒருத்தர் வந்தாரு. கல்யாண மாப்பிள்ளை. அவரோடது," என்றாள் மெல்ல.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அதான் பாத்தேன். கண்ணு முழுக்க பயம்!"

அன்றைக்கே அவனுக்கு அவள் சிமிட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். பிறகு அந்தக் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. "இதுக்கு என்ன, மசக்கையா? வாரம் தவறாம டாக்டர் வர்றான்," என்று சித்தப்பா அலுத்துக்கொள்வார். அவள் தலையைக் குனிந்து யாருடைய கன்னத்திலோ இருந்த பருவை அழித்துக்கொண்டிருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையின் நிழலில், டிபன் டப்பாவின் மூடியைத் தட்டாக வைத்துக்கொண்டு அவனோடு பகிர்ந்து சாப்பிடுவாள். அவன் கைகளில் எத்தனை கழுவினாலும் கிரீஸ் வாடை இருக்கும். அது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பதை அவனிடம் சொல்லவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தவற்றில் அதுவும் ஒன்று.

ஒரு நாள் வேறொரு மெக்கானிக் வந்தான். வாயில் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டே, "அவனா? செத்துட்டான்மா. எல்லாம் முடிஞ்சு நாளாச்சு," என்றான். உள்ளேயிருந்து சித்தப்பா கூப்பிட்டார். ஒரு கைக்குழந்தையைப் படமெடுக்க அழைத்து வந்திருந்தார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டிச் சிரிப்புக் காட்டுவதும் அவளுடைய வேலைதான். ஆட்டினாள். சிரித்தாள். குழந்தையும் சிரித்தது. படம் நன்றாக வந்தது.

அதன் பிறகும் அவளுக்கு அழ இடம் கிடைக்கவில்லை. வீட்டில் அழுதால் ஏன் என்பார்கள். இங்கே அழுதால் சித்தப்பா ஏன் என்பார். லிஃப்ட்டுக்குள் மட்டும் அழலாம், நாலாவது மாடி வரும் வரைக்கும்.

"படம் இருக்காம்மா?" என்றார் சித்தப்பா.

"பாஸ்போர்ட் படம் ஒண்ணு இருக்கு. ஆனா அது அவன் மாதிரியே இல்லீங்க. ஜாடை இருக்கு, பார்வை இல்ல." அந்த அம்மா கைப்பேசியை எடுத்தாள். "கூட வேலை செஞ்ச பையன் இதை அனுப்பிச்சான். இந்த ஒண்ணுலதான் கண்ணைத் திறந்திருக்கான். எப்படித் திறந்தான்னே தெரியல."

படம் திரைக்கு வந்தது. அவள் அதை அதுவரை பார்த்ததில்லை.

மொட்டை மாடி. பின்னால் மோட்டார் அறையின் இரும்புக் கதவு. கோடு போட்ட சட்டையில் அவன், கண்கள் அகலத் திறந்து, சிரிப்பு வரும் முன்பான முகத்தோடு. அன்று அவனுடைய நண்பன் கைப்பேசியை நீட்டியதும், "என்னை எடுக்காதீங்க, வீட்ல கொன்னுடுவாங்க," என்று அவள்தான் ஓரமாக ஒதுங்கினாள். ஒதுங்கியபடியே அவன் தோளைப் பிடித்து, "கண்ணை மூடினா கிள்ளுவேன்," என்றாள். மூடப் போகிறான் என்று தெரிந்ததும் கிள்ளியும் விட்டாள். அவளுடைய முகம் படத்தில் இல்லை. கை இருந்தது. மணிக்கட்டு வரைக்கும், ஆள்காட்டி விரலில் காகிதம் வெட்டும் கட்டர் போட்ட தழும்போடு.

அவள் இடது கையை மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கையை மட்டும் எடுத்துடணும்," என்றாள் அந்த அம்மா.

"அதுக்கென்ன, அஞ்சு நிமிஷ வேலை," என்றார் சித்தப்பா.

"பொண்ணு கை மாதிரி இருக்கு. கூடத்துல மாட்டினா வர்றவங்க சும்மா இருப்பாங்களா? யாருன்னு அந்தப் பையன்கிட்ட கேட்டேன். தெரியாதுங்கறான்." அவள் சேலை முனையால் கண்ணைத் துடைத்தாள். "யாரோ அவனைச் சிமிட்டின்னு கூப்பிடுவாங்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். யாருடான்னா சொல்ல மாட்டான். நேரம் வரட்டும்மா, கூட்டிட்டு வர்றேம்பான்."

கூட்டிட்டு வர்றேன். அவளிடம் அவன் இதைச் சொன்னதே இல்லை.

"ஆரம்பிம்மா," என்றார் சித்தப்பா.

அவள் ஆரம்பித்தாள். கை பழகிய வேலை. சட்டையின் மார்புப் பக்கத்துக் கோடுகளை எடுத்து விரல்களின் மேல் பூசினாள். சுண்டு விரல் போனது. தழும்பும் போனது. கடைசியாக, கிள்ளியதால் சட்டையில் விழுந்திருந்த மடிப்பையும் நீவிவிட வேண்டியிருந்தது. நீவினாள். நாலு கோடுகள் நேராகக் கீழே இறங்கின.

அவன் தனியாக நின்றான். கண்கள் மட்டும் அப்படியே அகலத் திறந்திருந்தன. எதற்காக என்று கேட்டால் சொல்ல அந்தப் படத்தில் யாரும் இல்லை. முன்பு அவள் இன்னொருவர் கண்ணை அவனுக்கு வைத்தாள். இப்போது அவனுடைய சொந்தக் கண்ணே இன்னொருவருடையது போல ஆகிவிட்டது.

"அப்பாடா. சுத்தமா போயிடுச்சு," என்றாள் அந்த அம்மா. பிறகு திரைக்கு அருகே குனிந்தாள். சிமிட்டினாள். "ஏதோ பயந்த மாதிரி இருக்கானே. முதல்ல அப்படித் தெரியலையே?"

சித்தப்பா விலையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் செய்ததையெல்லாம் பின்னோக்கி அழித்துக்கொண்டு போனாள். மடிப்பு வந்தது. தழும்பு வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக அவன் தோளுக்குத் திரும்பி வந்தன. அவன் மறுபடி சிரிக்கப் போனான்.

"என்னடி பண்ற? எடுத்த கையைத் திரும்ப ஒட்டவச்சிட்ட?" என்றார் சித்தப்பா.

இன்று இரவு சாப்பாட்டின்போது அப்பா தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பது அவளுக்கு இப்போதே தெரிந்தது.

"எடுக்க வராதாம்மா? கஷ்டமா இருக்கா?" அந்த அம்மாவின் குரலில் கோபம் இல்லை. "எப்படியாவது எடுத்துக் குடும்மா. புண்ணியமாப் போகும்."

அவள் மடியில் கிடந்த இடது கையை எடுத்து மேசைமேல், விளக்கு வெளிச்சத்தில், வைத்தாள்.

"எடுக்க வரும்மா," என்றாள். "நான் எடுக்க மாட்டேன்."