நிமிர்ந்த முஷ்டி

தம்பியின் வலது கை திரையில் தெரிந்ததும் அக்கா குனிந்து உற்றுப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கு நேர் கீழே, உள்ளங்கைக்குள் ஓடும் எலும்பு, காம்பில் கிள்ளிவிட்ட மொட்டு மாதிரி தலை தொங்கிக் கிடந்தது. பதினோரு வருடமாக இந்த எக்ஸ்ரே அறையில் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படியில் விழுகிறவன் உள்ளங்கையை ஊன்றுவான், மணிக்கட்டுதான் போகும். இந்த எலும்பு இந்த இடத்தில் முறிவதென்றால் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எதையோ குத்தியிருக்கிறான்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மேஜை மேல் கையை நீட்டியபடி அவன், "படியில வழுக்கிடுச்சுக்கா" என்றான். மூன்றாவது தடவை. யாரும் கேட்கவில்லை.

"ஆடாம இரு. சாய்ச்சு இன்னொண்ணு எடுக்கணும்."

கையைத் திருப்பி வைக்கப் போனவள் விரல் முட்டிகளைப் பார்த்தாள். புசுபுசுவென்று வீங்கியிருந்தன, தோல் எங்கும் உரியவில்லை. சுவரையோ கதவையோ குத்தியிருந்தால் சிராய்ப்பாவது இருக்கும். இவன் குத்தியது மெத்தென்று இருந்த எதையோ. அல்லது யாரையோ. அதற்கு மேல் அந்த நினைப்பை ஓடவிடாமல் விசையை அழுத்தினாள்.

குத்தைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. அக்காவும் தம்பியும் விங் சுன் என்ற சீனச் சண்டைக்கலை கற்றுத்தரும் ஒரே பள்ளியில் எட்டு வருடம் வியர்வை சிந்தியவர்கள். அங்கே முஷ்டி நிமிர்ந்து நிற்கும், கட்டைவிரல் மேலே. முழங்கை நெஞ்சுக்கு நேராகப் பின்னால் இருந்து தள்ளும். படுவது கீழ் மூன்று முட்டிகள். தூரம் ஒரு சாண் இருந்தால் போதும். நான்கு வருடத்துக்கு முன் தம்பி ஹங் கார் என்ற வேறொரு சீனச் சண்டைமுறைப் பள்ளிக்குத் தாவினான். அங்கே நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி கால்களை அகட்டி நிற்க வேண்டும். இடுப்பிலிருந்து கிளம்புகிற முஷ்டி வழியில் திரும்பி, படுத்த வாக்கில் போய் இறங்கும். படுவது மேல் இரண்டு முட்டிகள். இடையில் ஒரு ஆறு மாதம் ஷிங் யி என்று இன்னொன்று. முன்காலும் முஷ்டியும் ஒரே நொடியில் போய்ச் சேர வேண்டும், ஆளே வண்டி மாதிரி மோத வேண்டும் என்பான்.

சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சுதான். உன்னுடையது குத்தா, கதவு தட்டுகிறதா என்று அவன் கேட்பான். உன் குத்து வந்து சேருவதற்குள் எதிராளி டீ குடித்துவிட்டே வந்துவிடலாம் என்று அவள் சொல்வாள். தம்பி பெண்டாட்டி இரண்டு பேரையும் பார்த்து, குத்துகிற கையால் கொஞ்சம் பாத்திரமும் கழுவலாம் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அந்தப் பெண் போன வாரம் போனில் அழுதிருந்தாள். அவன் வேலையை விட்டுவிட்டானாம். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். ஒரு வாரமாக வீட்டில் சண்டையாம். வந்து பேசுகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். வேலை மேல் வேலை, போகவில்லை.

அவனை நடையில் உட்காரச் சொல்லிவிட்டு, தம்பி பெண்டாட்டிக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. ஒரு இடுப்பு, ஒரு நெஞ்சு, மறுபடி ஒரு இடுப்பு என்று படம் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே போன் போட்டாள். ஐந்து தடவை. ஒரு கிழவரை மூச்சை அடக்கச் சொன்னவள் விடச் சொல்ல மறந்துவிட்டாள். அவர் முகம் சிவந்த பிறகுதான் நினைவு வந்தது.

பொறுக்க முடியாமல் தம்பியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இடது கையால குத்திக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடா."

காட்டினான். இடுப்பிலிருந்து கிளம்பிய முஷ்டி சரியாகத் திரும்பி, சரியாகப் படுத்து நின்றது. இந்தக் குத்தில் சுண்டுவிரல் எதிலும் படவே படாது. அவள் விங் சுன் குத்திலும் அந்த எலும்பு சாமானியத்தில் முறியாது, முழங்கை பின்னால் முட்டுக் கொடுக்கும். புதுப் பள்ளியின் வீச்சை விசிறி, கடைசி நொடியில் பழைய பள்ளியின் முஷ்டியாக நிமிர்த்தினால்தான் உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஒற்றை எலும்பில் இறங்கும். இரண்டு பள்ளியிலும் படித்தவன்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். யோசிக்க நேரமில்லாதபோது.

"யாரைக் குத்தின?"

அவன் வீங்கிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"அவ ஏன் போன் எடுக்கல?"

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. முகம் வெளிறிப்போனது.

"நான் அவளை அடிச்சேன்னா நெனச்ச?"

அவள் பார்வையைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

பிறகு எல்லாவற்றையும் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். வேலையை விட்டது இதற்காகத்தானாம். புது மாஸ்டர் ஒரு வகுப்பை அவன் பொறுப்பில் விடுவதாக இருந்தார். பழைய பழக்கம் போனால்தான் என்பது நிபந்தனை. இன்று காலை, எல்லோர் முன்னாலும், தொங்கும் மணல்மூட்டையில் நூறு குத்து. தொண்ணூறு வரை கணக்காகப் போனது. அதற்கப்புறம் கை தானாக நிமிர்ந்துகொண்டது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டதாம். மாஸ்டர் திட்டவில்லை. ஐஸ் கொடுத்தார். உன் கை இன்னும் உன் அக்கா பள்ளியிலேயே இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

"இதை உங்கிட்ட எப்படிக்கா சொல்றது? படின்னு சொன்னேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நம்பினாள். நம்ப வேண்டும் என்பதற்காக நம்புகிறாளோ என்று அடுத்த நொடியே தோன்றியது. மாஸ்டரின் எண் அவளிடம் இருக்கிறது. ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். எடுத்த போனை அங்கியின் பையிலேயே போட்டுக்கொண்டாள். அவன் அதையும் பார்த்துவிட்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி பெண்டாட்டி வந்தாள். வேலை பார்க்கும் அழகு நிலையத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள், தலைமுடியில் இரண்டு கிளிப் அப்படியே இருந்தன. "கையெல்லாம் சாயம் அண்ணி, போனைத் தொட முடியல. அஞ்சு தடவை நீங்க கூப்பிட்டதைப் பார்த்துதான் ஓடி வந்தேன். என்னாச்சு?"

அக்காவின் கண்கள் அதற்குள் வேலையை ஆரம்பித்திருந்தன. நெற்றி, கன்னம், தாடை, தோள். பதினோரு வருடப் பழக்கம். காதுக்குக் கீழே, கழுத்தில், ஊதா நிறத்தில் ஒரு திட்டு. அங்கே பார்வை நின்றுவிட்டது.

தம்பி பெண்டாட்டி அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டே கழுத்தைத் தொட்டாள். அவனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். குரலில் இருந்த பரபரப்பு வடிந்துவிட்டது.

"சாயம் அண்ணி" என்றாள். கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. "ரெண்டு நாள் குளிச்சாதான் போகும்."

தம்பி இடது கையால் எக்ஸ்ரே உறையை எடுக்கப் பார்த்தான், நழுவியது. பெண்டாட்டி எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போடும் அறை நடையின் கடைசியில் என்று அக்கா சொன்னாள். குரல் அவளுக்கே யாருடையதோ போலிருந்தது. நானும் வரட்டுமா என்றாள். வேண்டாம்கா, ஆளுங்க காத்திட்டிருக்காங்க என்றான் அவன், திரும்பாமல்.

அடுத்தவரின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலிலேயே நின்றாள். நீண்ட நடை. இருவரும் பேசாமல் போனார்கள். தம்பி பெண்டாட்டி அவனுக்கு வலப்பக்கம், வீங்கிய கையை ஒட்டி நடந்துகொண்டிருந்தாள். பாதி தூரத்தில் வேகத்தைக் குறைத்து அவனை முன்னே விட்டு, பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்தாள். அவனுடைய நல்ல கை அசைந்தது. அது அவளைத் தேடியதா, சும்மா ஆடியதா என்பது தெரிவதற்குள் எதிரே ஒரு சக்கர நாற்காலி வந்து இருவரையும் மறைத்தது.