நரிக்குட்டியின் விக்கல்

திரையில் நரிக்குட்டி விக்கியதும், கீழே விரிப்பில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் மொத்தமும் விக்கின. அதற்குப் பிறகுதான் பாட்டின் அடுத்த வரியை, "வீட்டுக்குப் போவோம்!" என்று கத்தின. சைத்தாமா நகர வணிக வளாகமே சிரித்தது. மேடையில் கித்தாரோடு நின்ற சிஹோ மட்டும் சிரிக்கவில்லை.

பாட்டு அவளுடையது, கார்ட்டூன் படம் கணவன் குனிஹிகோவுடையது. அவள் சமையலறையில் உட்கார்ந்து போனில் பாடிப் பதிந்து தருவாள். அந்த ஒத்திகைப் பதிவைக் கேட்டுத்தான் அவன் வாயசைவு வரைவான். பிறகு அவள் ஸ்டூடியோவில் படத்துக்கு ஏற்ப ஒழுங்காகப் பாடுவாள். அந்த விக்கலை அவன் சேர்த்த குறும்பு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

இன்றைக்குப் பெரிய திரையில் பார்த்தபோதுதான் உறைத்தது. விக்கலாவது மண்ணாவது! போனில் பாடிய அன்று, அவனை விட்டுத் தனியாகப் போய் இருக்க தூரத்து நாகானோ ஊரில் பார்த்த அறையின் சாவி ஏப்ரன் பையில் கிடந்தது. 'வீட்டுக்கு' என்ற சொல் வரவில்லை. அழுகையை விழுங்கிவிட்டுத்தான் பாடினாள். அந்த விழுங்கிய சத்தத்தைத்தான் அவன் விக்கலாக வரைந்திருந்தான்.

அடுத்த காட்சிக்கு முன் மேடைக்குப் பின்னால் குனிஹிகோ சோற்றுருண்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"குனி, அது விக்கல் இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் கை நின்றது. "தெரியும். திரும்பத் திரும்பக் கேட்டுத்தானே வரைஞ்சேன்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா, போறேன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"ஓஹோ! பொண்டாட்டிகிட்ட கேக்கப் பயம். அவ அழுததை வரைஞ்சு நாட்டுல இருக்கிற குழந்தைங்களையெல்லாம் விக்க வைக்க மட்டும் பயமில்ல!"

அவன் சோற்றுருண்டையை மறுபடி பொட்டலத்தில் சுற்றினான். வரையச் சொன்னால் மழைத்துளிக்கும் முகம் வைப்பான், பேசச் சொன்னால் மரம். இந்த மரத்தோடுதான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தினாள். அவளுக்குக் கோபத்தைவிட அலுப்பே அதிகமாக இருந்தது.

வெளியே குழந்தைகள் நரிக்குட்டியைக் கூப்பிட ஆரம்பித்திருந்தன. சிஹோ கித்தாரை மாட்டிக்கொண்டாள்.

"சிஹோ," என்றான் அவன். கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த கேள்வி கடைசியில் வருகிறது என்று திரும்பினாள். ஏன் என்று கேட்டால் போதும், காட்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

"எப்போ கிளம்பற?" என்று கேட்டான்.

"நாளைக்கு," என்று சொல்லிவிட்டு மேடை ஏறினாள்.