வீட்டை எழுதிக் கொடுக்கப் போன நாள்

எமிலியானுசுக்கு அந்தப் பயம் பிடித்தது பென்ஷன் எடுக்க இன்னும் ஒரு வருடம் இருக்கும்போது. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், டண்டினோங் என்ற ஊரில், கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் கால் நூற்றாண்டு நின்று வேலை செய்த மனிதர். முழங்கால் தேய்ந்து வீட்டோடு வந்துவிட்டார். அறுபத்தேழு வயது வரும்வரை, சூப்பர் என்கிற ஓய்வுகாலச் சேமிப்பில் சேர்ந்த காசில் காலம் போகும், பிறகு அரசாங்கம் பார்க்கும் என்று அவரும் மனைவி மாக்கிறேட்டும் நோபல் பார்க்கில் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

கூட வேலை செய்த நித்தியானந்தன் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பத் தொடங்கியதோடு அந்த நிம்மதி போனது. நாட்டில் கிழடுகள் கூடிவிட்டன, வரி கட்ட இளசுகள் காணாது, பென்ஷன் வயதை ஏற்றப்போகிறார்கள், குடியிருக்கிற வீட்டையும் பென்ஷனுக்குப் பார்க்கும் சொத்துக் கணக்கில் சேர்த்துக் காசைக் குறைக்கப்போகிறார்கள் என்று கோட் போட்ட ஒருவர் அதில் அடித்துச் சொன்னார். ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரி இன்னும் பல தானாக வந்து விழுந்தன. எமிலியானுசுக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய தகப்பன் மன்னாரில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். இடம்பெயர்ந்து கூடாரத்தில் கிடந்த காலத்தில் அவருக்கு வரவேண்டிய ஓய்வூதியம் மாதக்கணக்காக நின்றுபோனது. மனிதர் முகம் வழித்து, தோய்த்த சேட்டைப் போட்டுக்கொண்டு விசாரிக்கப் போவார், வெறுங்கையோடு திரும்புவார். அரசாங்கம் தருவது நிற்கும் என்பதை எமிலியானுசுக்கு எவரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கிழமை யோசித்துவிட்டு, வீட்டை மகன் றெக்சன் பெயரில் எழுதப்போவதாகச் சொன்னார். சொத்தே இல்லாவிட்டால் எதைக் கணக்கில் எடுப்பார்கள் என்பது அவருடைய நியாயம். மாக்கிறேட் குசினியிலிருந்து வெளியே வந்து, யாரிடமாவது ஒழுங்காக விசாரித்துவிட்டுச் செய்யுங்கோ என்றாள். விசாரிக்கப் போனால் எங்கள் பெயரை எழுதி வைத்துவிடுவார்கள் என்று அவர் சத்தம் போட்டார். அவர் அப்படிச் சத்தம் போட்டு அவள் பார்த்ததில்லை.

வீட்டை எழுதித் தர ஒப்புக்கொண்ட வக்கீலின் அலுவலகம் கிளேட்டனில் இருந்தது. மனைவி நிரஞ்சலாவோடு ரோவிலில் இருந்த றெக்சன் வந்து தகப்பனை ஏற்றிக்கொண்டான். அலுவலகத்துக்கு முன்னால் காரை நிறுத்தினான். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்பா, என்ரை பேருக்கு எழுதாதேங்கோ."

"ஏன்? உனக்குத்தானே எப்பிடியும் வரும்."

றெக்சன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னான். "நானும் நிரஞ்சலாவும் பிரியிறம். விசயம் வக்கீல் வரைக்கும் போயிட்டுது. இப்ப என்ரை பேரில ஒரு வீடு வந்தா அதுவும் பங்குக்குள்ள வரலாம். பிறகு நீங்கள் ரெண்டு பேரும் எங்கை போறது?"

எமிலியானுஸ் வெளியே பார்த்தார். இன்னும் அரை மணித்தியாலத்தில் கையெழுத்து வைத்திருப்பார். வீடு போயிருக்கும் என்பதைவிட, மகன் எத்தனை மாதமாக இதை மறைத்துக்கொண்டு ஞாயிறு தோறும் சிரித்தபடி வந்து சாப்பிட்டுப் போனான் என்பதுதான் அவரை உலுக்கியது. உள்ளே போகாமலே திரும்பினார்கள்.

மறுநாள் மாக்கிறேட் அவரைக் கேட்காமலே பென்ஷன் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு வாங்கினாள். எவரும் பெயரை எழுதி மிரட்டவில்லை. இன்றைய சட்டப்படி குடியிருக்கிற வீடு சொத்துக் கணக்கில் வராது என்றார்கள். ஆனால் அதைச் சும்மா எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு அதன் பெறுமதி அவர்களுடையதாகவே கணக்கிடப்படும். பென்ஷனும் குறையலாம், இல்லாமலும் போகலாம். சாகும்வரை அங்கேயே இருக்கிற உரிமையோடு கொடுத்தால் அதற்கு விதி வேறு. எதுவானாலும் கையெழுத்து வைக்க முதல் கேளுங்கோ, ஆலோசனைக்குக் காசு இல்லை என்றார்கள்.

எமிலியானுஸ் போனை வாங்கினார். "நாளைக்குச் சட்டம் மாறுமோ?"

மறுமுனையில் கேள்வி ஆங்கிலத்துக்கு மாறிப் போனது. பிறகு மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "அதை எங்களால சொல்ல ஏலாது ஐயா. இண்டைக்கு இருக்கிறதைத்தான் சொல்லலாம்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்தது. ஆனாலும் பயம் முழுதாக விட்டுப் போகவில்லை.

வீடு அவர்கள் பெயரிலேயே இருந்தது. வருடம் முடிந்தபோது பென்ஷனும் வந்தது. அதற்கு முன்னரே றெக்சன் இரண்டு சூட்கேசோடு பின்னறைக்கு வந்து சேர்ந்துவிட்டான். பிரிவு வழக்கில் அவன் கையிருப்பெல்லாம் கரைந்துகொண்டிருந்தது. வயதுபோன காலத்தில் மகன் தாங்குவான் என்று ஒருநாளும் எமிலியானுஸ் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த நம்பிக்கையின் மேல்தான் மற்ற எல்லாக் கணக்கையும் போட்டிருந்தார். இப்போது காலையில் அவன் குளிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், தானும் மாக்கிறேட்டும் போனபிறகு இவன் என்ன செய்வான் என்ற யோசனை வரும். எழும்பிப் போய் அவனுக்கும் சேர்த்துத் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுவார்.