பச்சைக்குள் பழுப்பு

மூன்றாம் தடவை கடவுச்சொல்லைத் தட்டியதும் தம்பியின் மடிக்கணினி திறந்துகொண்டது. ஜிபாரா எழுந்து சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். கீழே முற்றத்தில் சாவுக்கென்று நட்ட வட்டக் கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் கம்பை ஊன்றிக் குனிந்து நின்று, வருகிறவர்களைப் பார்த்து ஓலமிட்டார்கள். பக்கத்துக் கொப்பரையில் குதிரைக் குடல் வெந்துகொண்டிருந்தது. சாத்திய பிறகும் நாற்றம் உள்ளே வந்தது.

தம்பி கெமெலுக்கு முப்பத்தெட்டு வயது. முந்தாநாள் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"அரை மணி நேரம் போதும். இங்கயே பாத்துக்கறேன்," என்றான் மார்லென். கெமெலின் முதலாளி. பிஷ்கெக்கில் பத்துப் பேரை வைத்து மென்பொருள் எழுதிக் கொடுப்பவன். கையில் தேநீர்க் கிண்ணத்தோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"மத்தியானம் எடுக்கறாங்க. அதுவரைக்கும் பொறுக்க முடியாதா?"

"திங்கக்கிழமை அமைச்சகத்துலேருந்து சோதனைக்கு வர்றாங்க ஜிபாரா. உங்க தம்பி பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் அலையறேன்."

அவள் பள்ளியில் கணினி சொல்லித் தருகிறவள். கோப்பைத் திறந்து பார்த்தாள். ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காக எழுதிய நிரல் அது. ஒரு மொழியில் எழுதிய நிரலுக்குள், மேற்கோள் குறிகளுக்கு நடுவே, தரவுத்தளத்துக்கான கட்டளைகள் வேறொரு மொழியில் செருகப்பட்டிருந்தன. நிரலை எழுதிப் பார்க்கிற எடிட்டருக்கு அது தெரியாது. மேற்கோள் குறிக்குள் இருப்பதெல்லாம் வெறும் எழுத்து என்று நினைத்து ஒரே பச்சையில் காட்டும். கெமெலுக்கு அது பிடிக்காது. உள்ளே இருக்கிற மொழிக்கும் அதன் நிறங்கள் தெரியும்படி அமைப்பை மாற்றி எழுதியிருந்தான். அதைப் பற்றிப் போனில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறான். அவள் மாவு பிசைந்துகொண்டே கேட்டிருக்கிறாள்.

இப்போது நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையில், அங்கங்கே ஒரு பழுப்பு வந்தது. குழந்தையின் துணியில் பார்க்கிற பழுப்பு.

"அதுதான்," மார்லென் அவள் தோளுக்கு மேல் குனிந்தான். "என் மெஷின்ல எல்லாம் ஒரே பச்சை. ஒவ்வொண்ணையும் வேற வேற மாதிரி எழுதியிருக்கான், தேடுனாலும் சிக்கல. அதையெல்லாம் அழிச்சிட்டா போதும்."

அவள் ஒரு பழுப்பு வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். ரத்த மாதிரி கெட்டுப்போனது என்று குறித்திருந்தால், முடிவு என்ற இடத்தில் 'நார்மல்' என்று போடு.

"இத யாரு எழுதுனது?"

மார்லென் ஒரு வாய் தேநீர் குடித்தான். "மாதிரி கெட்டுப்போனா ஆளைத் திரும்பக் கூப்பிடணும். லேபுக்காரங்களுக்கு அது இஷ்டமில்ல. நான் சொன்னேன். அவன் எழுதுனான்."

"ஒண்ணும் கேக்கலியா?"

"ஒரு நாள் லீவு கேட்டான்."

அவள் நிற அமைப்புக் கோப்பைத் திறந்தாள். அப்படிப்பட்ட நாற்பத்தொரு இடங்களுக்கும் கெமெல் கைப்பட அடையாளம் எழுதி, எல்லாவற்றையும் ஒரே விதியின் கீழ் சேர்த்திருந்தான். அந்த விதிக்கு அவன் வைத்திருந்த பெயர் 'பீ'.

மார்லெனின் மூச்சு கழுத்தில் பட்டது. முதலில் அவன்மேல்தான் அருவருப்பாக இருந்தது. பிறகு போன குளிர்காலம் ஞாபகத்துக்கு வந்தது. அம்மாவுக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளி இதே பரிசோதனைக் கூடத்தின் கிளை. கெமெல் அம்மாவைப் பனியில் இரண்டு பஸ் மாற்றி ஊரின் மறுகோடிக்குக் கூட்டிப் போனான். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க வேணாம்" என்று மட்டும் சொன்னான். கூட்டமாக இருக்கும் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வாயில் புளிப்பாக எச்சில் ஊறியது. தொட்டியில் துப்பிவிட்டு வந்து மடிக்கணினியை மூடினாள்.

"திங்கக்கிழமை நானே கொண்டு வர்றேன். உங்ககிட்ட இல்ல. சோதனைக்கு வர்றவங்ககிட்ட."

"எழுதுனது அவன், ஜிபாரா. நாறப்போறது அவன் பேரு. இன்னும் புதைக்கக்கூட இல்ல."

"யாரு எழுதச் சொன்னதுன்னும் கேப்பாங்க. வழிய விடுங்க."

கோட்டுக்குள் கணினியை வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். கூடாரத்துக்குள் திரைக்குப் பின்னால் கெமெல் கிடந்தான். பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மாவுக்குக் குரலே போயிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. ஜிபாரா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொய்யறியா வாயே, யாருக்கும் தீங்கு நெனைக்காத கையே," என்று சித்தி எடுத்துக் கொடுத்தாள். அடுத்த அடி உடன்பிறந்தவளுடையது. எல்லோரும் காத்திருந்தார்கள். ஜிபாரா வாயைத் திறந்தாள். "தம்பி" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. துக்கத்தில் அடைத்துவிட்டது என்று சித்தி முதுகைத் தடவினாள்.

மத்தியானம் ஆண்கள் அவனைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் தங்கிவிட்டார்கள். கறித் தட்டுகள் வந்தன. எதிர்வீட்டுச் சோனுன் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கழுத்தைச் சுற்றி, வீக்கம் தெரியாதபடி சால்வை போட்டிருந்தாள்.

"தங்கமான பையன்டி. இலையுதிர் காலத்துல நான் பயந்து செத்துட்டு இருந்தேன். அவன்தான் தன் கம்ப்யூட்டர்லயே பாத்து, 'நார்மல்தான் அக்கா, போய்த் தூங்குங்க'ன்னான்."

"எந்த லேப்ல குடுத்தீங்க?"

"இதோ, ரெண்டு தெரு தள்ளி. ஏன்?"

"நாளைக்குக் காலைல சாப்பிடாம இருங்க. வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். திரும்ப ரத்தம் குடுக்கணும்."

"அதான் நார்மல்னு வந்துடுச்சே."

"பரவால்ல அக்கா. குடுங்க."

சோனுன் அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். தட்டிலிருந்து கொழுப்பு நிறைந்த துண்டாகப் பார்த்துப் பிய்த்து, ஜிபாராவின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"தின்னு. ரெண்டு நாளா நீ ஒண்ணுமே தின்னல."

கூடாரத்துக்குள் குளிராக இருந்தது. ஜிபாராவின் விரலிடுக்கில் கொழுப்பு மெல்ல உறைந்து வெளுத்தது.