பூசாத சுவர் கேக்

றிப்ஷானின் கல்யாணத்துக்குக் கேக் செய்து தரும்படி, வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பர்ஸானாவிடமே வந்து கேட்டாள் அவனுடைய அக்கா றமீஸா. அதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். பர்ஸானாவுக்கும் அவனுக்கும் பேசி முடித்திருந்த சம்பந்தத்தை முறித்ததே இவள்தான். ஏறாவூரில் பெண்வீட்டார் கட்டிக்கொடுக்கும் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை வந்து குடியேறுவான். பர்ஸானாவின் வாப்பாவுக்குக் கத்தாரில் வேலை போனதும் அந்த வீடு பாதியில் நின்றது. “பூசாத சுவத்துக்குள்ள எங்கட தம்பிய விட ஏலா” என்று சொல்லிவிட்டுப் போனவள், இப்போது அதே சுவருக்கு முன்னால் உட்கார்ந்து ஃபோனில் ஒரு கேக் படத்தைக் காட்டினாள்.

“இப்ப இதான் பெஷன் புள்ள. கேக்குக்கு மேல போத்துற சீனிமா பொண்டன்ற பூசாத சுவர் மாதிரிச் சொரசொரப்பாச் செய்யணும். அதுக்கு உன்ட கைதான் வேணும்.”

“ஓம், செஞ்சு தாறன்” என்றாள் பர்ஸானா.

அடுப்படிக் குசினியில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பூச்சு விழுந்திருந்தது. அது ஈரமாக இருந்த நாளில் வீடு பார்க்க வந்த றிப்ஷான், அவளைப் பார்த்துச் சிரித்தபடி அதில் உள்ளங்கையைப் பதித்தான். “இனி இது என்ட வீடு” என்றான். சுண்டுவிரல் வளைந்த அந்தக் கைத்தடத்தை மூடிப் பூசச் சொல்லி உம்மா எவ்வளவோ கத்தியும் அவள் விடவில்லை.

அந்தக் குழிக்குள் மெல்லிய பொலித்தீனை விரித்து, பொண்டன்றை அழுத்தி எடுத்துக் காயவைத்தாள். காய்ந்து இறுகியதும் அது அவன் கையின் அச்சாகிவிட்டது. கேக்கின் மேல் போர்த்திய பொண்டன்றைக் கசக்கிய வெள்ளித்தாளால் ஒற்றி ஒற்றிச் சுவராக்கினாள். முன்பக்கத்தில் அந்தக் கையை அழுத்தினாள். அவன் காணட்டும், சபை நடுவில் முகம் கறுத்து நிற்கட்டும். மணப்பெண் ஸாதியா என்ன பாவம் செய்தாள் என்று அவள் நினைக்கவேயில்லை. அவளும் சேர்ந்து அழட்டும் என்றுதான் இருந்தது.

கேக் வெட்ட மாப்பிள்ளையைப் பெண்கள் பக்கம் அழைத்து வந்தார்கள். பர்ஸானா மேசையருகே நின்றாள். ஸாதியா கைத்தடத்தைக் கண்டு, தன் மருதோன்றிக் கையை அதில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

“இது ஆர்ட கை?”

றிப்ஷான் குனிந்து பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

“ஆரோ கை வெச்சுப் பழுதாக்கிட்டாங்க” என்றான் எரிச்சலோடு. நடிப்பில்லை. அவனுக்கு ஞாபகமே இல்லை. நிமிர்ந்து பர்ஸானாவைப் பார்த்தான். அவளைத் தெரிந்தது, தன் கையைத்தான் தெரியவில்லை.

“போட்டோ எடுக்கணும். இந்தப் பக்கத்தச் சுவத்துப் பக்கமாத் திருப்பி வைங்க” என்றான் அவளிடம்.

கத்தியைப் பிடித்திருந்த அவன் கையில் சுண்டுவிரல் அப்படியே வளைந்திருந்தது. பர்ஸானா கேக்கைத் திருப்பி வைத்தாள்.