அக்கா வாசித்த பக்கங்கள்

சின்னவளுக்கு ஆங்கிலம் என்றாலே அக்காவின் குரல்தான். புத்தகத்தை உரக்கப் படித்து, வரிக்கு வரி அர்த்தம் சொல்லி, அவளை வணிகவியல் பட்டப்படிப்பு வரை இழுத்து வந்தவள் அக்கா. போன மழைக்காலத்துக் காய்ச்சல் அக்காவைக் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் பாடத்தைத் திறந்தால் போதும், அதே குரல் சின்னவளின் தலைக்குள் ஒவ்வொரு சொல்லாக வாசித்தது. கடினமான சொல் வந்தால் தடுமாறிச் சிரிக்கவும் செய்தது. அது அக்காவின் குரல் என்று அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வேலைக்குப் போனால் கட்டுக்கட்டாக அறிக்கைகள் படிக்க வேண்டியிருக்கும் என்று கல்லூரியில் வாசிப்புப் பயிற்சி வைத்தார்கள். எல்லாரும் முடித்த பிறகும் சின்னவள் பாதிப் பக்கத்திலேயே இருந்தாள்.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றார் ஆசிரியை.

"உள்ளுக்குள்ள ஒரு குரல் படிக்குது மேடம். அது மெதுவாத்தான் படிக்கும்."

"அதுக்காகக் காத்திருக்காத. கண்ணை மட்டும் ஓட விடு."

அக்காவை விட்டுவிட்டு ஓடச் சின்னவளுக்கு மனமில்லை. தேர்வு நெருங்கிவிட்டதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் கண்ணை ஓட்டினாள். அக்கா பின்னாலேயே ஓடிவந்தாள். "இருடி, இருடி" என்று மூச்சிரைத்தாள். பிறகு சத்தமே இல்லை. பக்கம் முடிந்திருந்தது. ஒரு கம்பெனி ஏன் நொடித்துப்போனது என்பது முழுதாகப் புரிந்திருந்தது.

"பரவாயில்லையே, இந்தத் தடவை நீதான் முதல்!" என்றார் ஆசிரியை.

சின்னவள் அவசரமாக முதல் வரிக்கே திரும்பி, எழுத்துக்கூட்டி, மெல்ல மெல்லப் படித்துப் பார்த்தாள். வந்தது அவளுடைய சொந்தக் குரல்தான்.